துணி காயவில்லை, உதடு மட்டும் ஏன் காய்கிறது? டெல்லிக் குளிரில் தோலைக் காப்பது எப்படி

டெல்லிக்கு வந்த முதல் ஜனவரியில் எனக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. முனிர்க்காவில் ஒரு மொட்டைமாடி அறையில் குடியிருந்தேன். மூன்று நாளாக வெயிலைக் காணோம். பனிமூட்டத்தில் எதிர்வீட்டு மாடியே தெரியவில்லை. கொடியில் போட்ட துண்டு மூன்றாம் நாளும் சில்லென்று ஈரமாகவே தொங்கியது. காற்றில் அவ்வளவு ஈரம். ஆனால் என் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. காலில் நகத்தால் லேசாகக் கீறினால், சிலேட்டில் பலப்பத்தால் எழுதியது போல வெள்ளைக் கோடு விழுந்தது. துணியே காயாத ஊரில் தோல் மட்டும் எப்படிக் காயும்?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் குளிர்காலத்தில் தோலைப் பார்த்துக்கொள்ளும் வித்தை முக்கால்வாசி கைக்கு வந்துவிடும். எந்த க்ரீம், எப்போது தடவுவது, எவ்வளவு சுடுதண்ணீர் என்பதெல்லாம் அப்புறம் தானாக விளங்கும். படிக்கவோ வேலைக்கோ தமிழ்நாட்டிலிருந்து இப்போதுதான் டெல்லி வந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லாததால், வீட்டில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வாய்ப்பில்லை.

காற்றுக்கு ஏன் தாகம் எடுக்கிறது

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் சூட்டைப் பொறுத்தது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 7 டிகிரிக்குக் குளிர்ந்தால் 8 கிராம் தாங்குவதே கஷ்டம். ஜனவரியில் டெல்லியின் அதிகாலைக் குளிர் சராசரியாக 7, 8 டிகிரியில் நிற்கிறது. அதனால் பனிமூட்டக் காற்று நிரம்பிய காற்றுதான் என்றாலும், நிரம்பியிருப்பது ஒரு சின்னக் கிண்ணம். சென்னையில் டிசம்பர் மாதம் 25 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண நாளில், அதே ஒரு கன மீட்டரில் 18 கிராம் நீராவி இருக்கும். இரண்டு மடங்குக்கும் மேல்.

இப்போது துண்டைப் பாருங்கள். அதுவும் சுற்றியுள்ள காற்றைப் போலவே 7 டிகிரியில் தொங்குகிறது. காற்று ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் துண்டின் ஈரம் போக இடமில்லை. நம் தோலின் கதை வேறு. ஸ்வெட்டருக்குள் அது 30 டிகிரிக்கு மேல் இருக்கிறது. உடம்பை ஒட்டி நிற்கும் காற்றை உடம்பே சூடாக்கிவிடுகிறது. சூடானதும் அந்தக் காற்றின் கிண்ணம் பெரிதாகிறது. உள்ளே இருப்பதோ அதே 8 கிராம். குறையும் மீதியைத் தோலிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. ராத்திரி பகலாக, நாம் தூங்கும்போதும்.

ஹீட்டர் போட்டால் இதே வேலை அறை முழுவதும் நடக்கும். 7 டிகிரியில் நிரம்பியிருந்த காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அறைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் குறையவில்லை, கிண்ணம்தான் பெரிதாகிவிட்டது. 'வெளியே ஈரப்பதம் 95 சதவீதம்' என்று செல்போன் காட்டுவதைப் பார்த்து, இன்றைக்குத் தோல் வறளாது என்று நினைத்துவிடாதீர்கள்.

தோல் என்னும் சுவர்

தோலின் வெளி அடுக்கு 10 முதல் 20 மைக்ரான் தடிமன்தான். ஒரு தலைமுடியைவிட மெல்லியது. (உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் விதிவிலக்கு, அங்கே தடிப்பு பல மடங்கு.) இந்த மெல்லிய அடுக்குதான் உடம்பின் தண்ணீரை உள்ளே பிடித்துவைக்கிறது. தோல் மருத்துவர்கள் இதைச் செங்கல் சுவர் என்று விளக்குவார்கள். செத்துத் தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே பூசப்பட்ட கொழுப்பு சாந்து. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் கலந்த சாந்து அது. க்ரீம் டப்பாக்களில் 'செராமைடு' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அந்தச் சொல் இங்கிருந்துதான் வருகிறது.

செங்கற்களுக்குள்ளும் ஒரு சூட்சுமம் உண்டு. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு நீர் விட்டுக் கிடக்குமே, அதுபோல ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் பொருள்கள் அந்தச் செல்களுக்குள் இருக்கின்றன. அவை பிடித்துவைத்த நீரால்தான் தோல் வளைகிறது, நெகிழ்கிறது. அந்த நீர் குறைந்தால் செல்கள் சுருங்கி, ஓரங்கள் மேலே தூக்கிக்கொள்ளும். சொரசொரப்பு அதுதான். பழைய செல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும் நொதிகள் வேலை செய்யவும் ஈரம் வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் செல்கள் தனித்தனியாக உதிராமல் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கும். கறுத்த தோலில் சாம்பல் பூத்தது போலத் தெரிவது இந்தக் கொத்துகள்தான். அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடு வைத்துத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேய்க்கத் தேய்க்கச் சுவர் இன்னும் பெயரும்.

சுவரில் விரிசல் விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போவதோடு நிற்காது. சோப்பு, புகை, தூசி, கம்பளி முடி எல்லாம் உள்ளே நுழைய வழி கிடைக்கும். அரிப்பு வரும். சொறிவோம். விரிசல் பெரிதாகும். அரிப்பு கூடும். இந்தச் சுற்றை எங்கேயாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். அறுப்பதற்கு லேசான இடம் குளியலறை.

கீசர் சுகமும் அதன் விலையும்

எண்ணெய்ப் பிசுக்கேறிய வாணலியைப் பச்சைத் தண்ணீரில் தேய்த்தால் பிசுக்கு அசையாது. கொதிக்கிற தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் ஒரே இழுப்பில் போய்விடும். தோலின் சாந்தும் கொழுப்புதான். ஆவி பறக்கும் வெந்நீரில் இருபது நிமிடம் நின்று, உச்சி முதல் பாதம் வரை சோப்பு நுரையில் குளித்து வெளியே வரும்போது, வாணலிக்குச் செய்ததைத்தான் தோலுக்கும் செய்துவிட்டு வருகிறோம். குளித்து முடித்ததும் தோல் இழுத்துக் கட்டினாற்போல இருக்கிறதா? அதைச் 'சுத்தம்' என்று நினைத்திருந்தேன். சாந்து கரைந்துபோனதன் அறிகுறி அது.

டெல்லிக் குளிரில் வெந்நீரை விட்டுவிடுங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். சூட்டைக் குறையுங்கள், நேரத்தைக் குறையுங்கள். கையை விட்டால் இதமாக இருக்க வேண்டும், தோல் சிவக்கக்கூடாது. அந்தச் சூடு போதும். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள். ஷவரைவிட வாளியும் சொம்பும் இந்த விஷயத்தில் நல்லவை. வாளி தீர்ந்தால் குளியலும் தீர்ந்தது.

சோப்பு எல்லா இடத்துக்கும் வேண்டியதில்லை. அக்குள், தொடை இடுக்கு, பாதம், அழுக்குப் பட்ட இடம், அவ்வளவுதான். கையும் காலும் முதுகும் குளிர்காலத்தில் ஸ்வெட்டருக்குள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கு வெறும் தண்ணீரே போதும். தோலின் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை, அதாவது லேசான அமிலம். சாதாரணச் சோப்புக் கட்டியின் அளவு 9, 10 என்று காரத்தில் நிற்கிறது. சிண்டெட் என்பது பார்க்கச் சோப்பு மாதிரியே இருந்தாலும் சோப்பு அல்லாத, செயற்கை நுரைப்பொருளால் செய்த கட்டி. அதைத் தோலின் அமிலத்தன்மைக்கு நெருக்கமாகச் செய்ய முடிகிறது. மருந்துக் கடையில் 'சிண்டெட் பார்' என்று கேட்டால் கிடைக்கும். பயத்தம் மாவு, நலங்கு மாவு பழக்கம் உள்ளவர்கள் நன்றாகச் சலித்த மாவைத் தயிரிலோ பாலாடையிலோ குழைத்து, தேய்க்காமல் தடவிக் கழுவலாம். குளிர்காலத்தில் கொரகொரப்பான எதையும் தோலில் ஓட்ட வேண்டாம்.

டெல்லியின் பல பகுதிகளில் போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான். வாளியின் உள்பக்கம் வெள்ளைப் படிவு ஏறுகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான படிவாக மாறி, எத்தனை சொம்பு ஊற்றினாலும் தோலிலேயே ஒட்டிக்கொள்ளும். சிண்டெட் வகையில் அந்தப் படிவு உண்டாவதில்லை. கடின நீர் வரும் வீடுகளுக்கு நான் சிண்டெட்டைச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

மார்கழியில் நாலரை மணிக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் புறப்படுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்தக் குளியலுக்குப் பிறகு அவசரத்தில் அப்படியே புடவையைச் சுற்றிக்கொண்டு கிளம்புவதுதான் தவறு. அதற்கு என்ன செய்வது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஓர் அக்கா.

ஈரம் இருக்கும்போதே

கீழ்வீட்டு அக்கா சேலத்துக்காரர். அப்போதே முப்பது வருஷமாக டெல்லியில் இருந்தார். ஒருநாள் மாடிப்படியில் என் காலைப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, சுண்ணாம்பு மிதிச்சியா? எண்ணெய் தேய்க்கிறதில்லையா?" என்றார்.

"தேய்க்கிறேனே அக்கா, தினமும் படுக்கும்போது."

"காஞ்ச தோல்மேல தேய்ச்சா காஞ்சதைத்தான் மூடி வைப்ப. குளிச்சு வந்த ஈரம் இருக்கும்போதே தேய்."

இதைவிடத் துல்லியமாக எந்தப் புத்தகமும் சொல்லியிருக்காது. வெளியிலிருந்து நாம் தடவும் எண்ணெயில் தண்ணீர் கிடையாது. அது ஒரு மூடி. ஈரமான தோல்மேல் போட்டால் ஈரத்தை மூடும். வறண்ட தோல்மேல் போட்டால் வறட்சியின்மேல் பளபளப்பு ஏறும். தண்ணீர் தோலில் இருக்கப்போவது குளித்த இரண்டு மூன்று நிமிடம்தான். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் இன்னும் நசநசவென்று இருக்கும்போதே குளியலறைக்குள் நின்றபடி தடவிவிட வேண்டும். கதவைத் திறந்து அறைக்கு வந்து, உடுத்தி, தலையைத் துவட்டி, அப்புறம் டப்பாவைத் தேடினால் நேரம் கடந்துபோயிருக்கும். அதனால் என் வீட்டில் க்ரீம் டப்பா கண்ணாடி மேசையில் இருக்காது, கீசருக்குக் கீழே இருக்கும்.

அளவும் முக்கியம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் காணும். ஒரு காலுக்குப் பாதம் சேர்த்து எட்டு விரல்நுனி. மொத்த உடம்புக்கும் ஒருமுறைக்கு 20 முதல் 30 கிராம் ஆகும். நாமோ பட்டாணி அளவு எடுத்து இரண்டு கைக்கும் இழுத்துத் தேய்க்கிறோம். விலை உயர்ந்த சின்ன ட்யூபைச் சிக்கனமாகத் தடவுவதைவிட, வாசனை இல்லாத எளிய க்ரீமைப் பெரிய டப்பாவாக வாங்கித் தாராளமாகப் பூசுவது எவ்வளவோ மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எதைத் தடவுவது

கடையில் அடுக்கியிருக்கும் நூறு டப்பாக்களும் மூன்று வேலைகளைத்தான் வெவ்வேறு விகிதத்தில் செய்கின்றன. ஈரத்தை இழுத்துப் பிடிப்பது ஒன்று. கிளிசரின், யூரியா, லாக்டிக் அமிலம், ஹயலூரானிக் அமிலம் எல்லாம் இந்த வேலைக்கு. விட்டுப்போன சாந்தின் இடைவெளியை நிரப்பி மென்மையாக்குவது இரண்டாவது. செராமைடும் பலவகை எண்ணெய்களும் இதைச் செய்யும். மேலே மூடி போடுவது மூன்றாவது. இதில் ராஜா பெட்ரோலியம் ஜெல்லிதான். வாஸ்லின் என்ற பெயரில் ராபர்ட் செஸ்பரோ அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1872-ல். அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. தண்ணீர் தப்பாமல் மூடுவதில் அதை மிஞ்சியது இன்னும் வரவில்லை.

பெயரைவிடப் பதம் முக்கியம். பம்ப் அடித்தால் வழியும் லோஷனில் தண்ணீர் அதிகம். அது சென்னைக்குச் சரி. டெல்லி ஜனவரிக்கு டப்பாவிலிருந்து வழித்து எடுக்கும் கெட்டியான க்ரீம் வேண்டும். கையும் காலும் ரொம்ப மோசமாக இருந்தால் க்ரீமுக்கு மேல் ஒரு பூச்சு பெட்ரோலியம் ஜெல்லி. முகப்பரு வரும் முகத்துக்கு மட்டும் 'நான்-காமிடோஜெனிக்' (தோலின் துளைகளை அடைக்காதது) என்று போட்ட லேசான க்ரீம் போதும். பரு இருக்கிறது, எண்ணெய் வழிகிறது என்று குளிர்காலத்திலும் எதுவும் தடவாமல் விடுகிறவர்கள், முக்கியமாகப் பரு மருந்து போடுகிறவர்கள், தோல் உரிந்து எரிச்சலில் தவிப்பார்கள்.

இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் கிளிசரினும் பன்னீரும் எலுமிச்சைச் சாறும் கலந்து பாட்டிலில் வைத்திருப்பார்கள். கிளிசரினும் பன்னீரும் நல்ல ஜோடி. கிளிசரினைக் கலக்காமல் தனியாகப் பூசினால் பிசுபிசுப்பதோடு சிலருக்கு எரியும். தண்ணீரோ பன்னீரோ சேர்ந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்கிறது. எலுமிச்சையை மட்டும் விட்டுவிடுங்கள். வெடித்த தோலில் அது எரியும். சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் புண்ணாகிக் கறுத்துப்போகவும் கூடும்.

இனி நம் தேங்காய் எண்ணெய். முதல் குளிர்காலத்தில் அம்மா போனில் "தேங்காண்ணெய் தேய், எல்லாம் சரியாப்போகும்" என்றாள். பாட்டிலைக் கவிழ்த்தால் ஒன்றும் வரவில்லை. வெள்ளை மெழுகாக உறைந்து, அமுக்கினால் பாட்டில்தான் வளைந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். வெந்நீர்ச் சொம்பில் பாட்டிலைச் சற்று நேரம் நிறுத்தினால் உருகும். அடுப்பில் வைக்க வேண்டாம். அதைவிட வசதி, வாயகன்ற டப்பாவில் ஊற்றிவைத்து, உறைந்ததை விரலால் வழித்து ஈரத் தோலில் தேய்ப்பது. உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். தேங்காய் எண்ணெய் நல்ல எண்ணெய்தான். மூடும், மென்மையாக்கும். ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் வேலையை மட்டும் அது செய்யாது. அதனால் டெல்லியில் அதைத் தனியாக நம்பாமல், கிளிசரின் உள்ள க்ரீமுக்கு மேல் பூசிக்கொள்கிறேன்.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல என்பதைக் குழந்தை பெற்றவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வடக்கே குழந்தைக்குக் கடுகெண்ணெய் தேய்த்து வெயிலில் போடுவது பரம்பரை வழக்கம். வேலைக்கு வரும் ஆயாவும் அதைத்தான் சொல்வார். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் தோல்தடை, அதாவது நாம் பார்த்த அந்தச் சுவர், மீள்வதைக் கடுகெண்ணெய் தாமதமாக்கியது, சூரியகாந்தி எண்ணெய் விரைவாக்கியது. ஆலிவ் எண்ணெய் பெரியவர்களின் தோல்தடையைப் பலவீனமாக்குவதை 2013-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. குழந்தைக்குத் தேங்காய் எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ தேய்க்கலாம். தோலில் ஏற்கெனவே செந்தடிப்பு இருந்தால் எதையும் தேய்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உதடு, கை, குதிகால்

உதட்டில் எண்ணெய்ச் சுரப்பி கிட்டத்தட்ட இல்லை. வெளி அடுக்கும் மெலிது. காய்ந்தால் நாக்கால் நக்குவோம். எச்சில் ஆவியாகும்போது இருந்த ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். எச்சிலில் இருக்கும் செரிமான நொதிகளும் சும்மா இருக்காது. நக்கும் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையமே விழுந்திருக்கும். கற்பூரமும் மெந்தாலும் போட்ட லிப் பாம் ஜில்லென்று சுகமாக இருந்தாலும் வெடித்த உதட்டுக்கு எரிச்சல் கூட்டும். வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. தோல் தூக்கிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள்.

கைக்குக் குளிர்காலத்தில் இரண்டு எதிரிகள்: ஐஸ் போன்ற குழாய்த் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு. ரப்பர் கையுறை போடுங்கள். உள்ளே ஒரு பருத்திக் கையுறையும் இருந்தால் நல்லது. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். தினமும் நாலு வீட்டுப் பாத்திரம் அந்தத் தண்ணீரில் தேய்க்கிற கை அது.

குதிகால் வெடிப்பை நம்மூரில் பித்தவெடிப்பு என்போம். தடித்த தோல் வறண்டு, உடம்பின் பாரம் அழுத்தும்போது பிளக்கிறது. 20 சதவீதத்துக்கு மேல் யூரியா உள்ள க்ரீம் கெட்டித் தோலை இளக்கும். ஆனால் ரத்தம் வரும் அளவுக்குப் பிளந்த இடத்தில் அது எரியும், அங்கே முதலில் பெட்ரோலியம் ஜெல்லி. ராத்திரி காலைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்து, ஒற்றி, பூசி, பருத்திச் சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுத்தால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் சூடு தெரியாமல் போயிருக்கலாம். அவர்கள் காலை ஊற வைக்க வேண்டாம், பிளேடால் சீவவும் வேண்டாம். வெடிப்பு ஆழமாக இருந்தால் நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

அம்மாவின் கால்

எழுபது வயதில் அம்மா திருநெல்வேலியிலிருந்து ஒரு டிசம்பரில் வந்து இரண்டு மாதம் தங்கினாள். மூன்றாம் வாரம் ராத்திரியில் சரக் சரக்கென்று சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் சேலையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு சொறிந்துகொண்டிருக்கிறாள். "ஏட்டி, ரஜாயில மூட்டப்பூச்சி இருக்கு போல." ரஜாய் என்பது இங்கே போர்த்திக்கொள்ளும் பஞ்சு அடைத்த கனத்த போர்வை. அதில் பூச்சி எதுவும் இல்லை. கணைக்கால் இரண்டும் கோடையில் வற்றிய குளத்துப் படுகை மாதிரி கட்டம் கட்டமாக வெடித்து, வெடிப்பின் ஓரங்கள் சிவந்திருந்தன.

கணைக்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு. வயது ஏற ஏறச் சாந்துக் கொழுப்பும் குறையும். போதாததற்கு அம்மா குளிர் தாங்காமல் கம்பி ஹீட்டரைக் காலுக்கு ஒரு முழத்தில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். அப்படித் தினமும் அருகில் சூடு காட்டினால் தோலில் வலை பின்னியது போலக் கறுப்புப் படரும். காஷ்மீரில் பெரன் என்ற தொளதொள நீள அங்கிக்குள் காங்கிரி என்ற கணப்புச் சட்டியை வைத்துக்கொள்கிறவர்களுக்கு வயிற்றிலும் தொடையிலும் இது வரும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் அந்த இடத்தில் புற்றுநோய்கூட வருவது மருத்துவத்தில் பழைய செய்தி. ஹீட்டர் அறையைச் சூடாக்கட்டும், காலைச் சூடாக்க வேண்டாம். காலுக்குச் சாக்ஸ் இருக்கிறது. பெட்ரோலியம் ஜெல்லியோ எண்ணெயோ ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால், தடவிக்கொண்டு கம்பி ஹீட்டர் பக்கத்தில் உட்காரவே கூடாது. விறகோ கரியோ எரியும் அங்கீட்டி என்ற கணப்பு அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இந்த இடத்தில் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். அரிப்பு தாங்கவில்லை என்று பக்கத்து மருந்துக் கடையில் கேட்டேன். சீட்டு கேட்காமல் ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் மாயம் போல அரிப்பு நின்றது. நிறுத்தியதும் திரும்ப வந்தது, முன்பைவிட அதிகமாக. தோல் டாக்டர் அந்த ட்யூபைத் திருப்பிப் பார்த்தார். வீரியமான ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஓர் ஆன்டிபயாட்டிக், மூன்றும் ஒன்றாகக் கலந்தது. தொடர்ந்து போட்டால் தோல் காகிதம் போல மெலிந்துவிடும் என்றார். 2018-ல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதென்று விதியை இறுக்கியிருக்கிறது. கவுன்டரில் கேட்டால் இன்னும் கை நீளத்தான் செய்கிறது. டாக்டர் எழுதிக்கொடுத்தால் சொன்ன நாள் வரை போடுங்கள். கடைக்காரரோ தெரிந்தவரோ கொடுத்தால் வேண்டாம். அம்மாவுக்கு டாக்டர் கொடுத்தது சில நாளைக்கு ஒரு மிதமான மருந்து, அப்புறம் ஒரு நாளைக்கு மூன்று முறை கெட்டி க்ரீம். பொங்கலுக்குள் கால் ஆறிவிட்டது.

வறட்சி இல்லாத அரிப்பு

குளிர்காலத்தில் அரித்தால் எல்லாமே வறட்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி ராத்திரியில் அதிகமாக அரித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம். பிஜி (பேயிங் கெஸ்ட்), ஹாஸ்டல் அறைகளில் போர்வையைப் பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இது. க்ரீமுக்கு அது அடங்காது. அறையில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். கால்விரல்கள் ஊதாச் சிவப்பாக வீங்கி, அரித்து, எரிந்தால் அது குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி வருவது. காலைக் கொதிநீரில் விடாமல், சாக்ஸும் போர்வையுமாக மெல்லச் சூடேற்றுங்கள். தடிப்பு எதுவுமே இல்லாமல் உடம்பு முழுக்க வாரக்கணக்கில் அரித்தால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு இவற்றில் எதுவும் காரணமாகலாம்.

நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் பளபளக்கும் என்பார்கள். குளிரில் தாகம் தெரியாமல் குடிக்காமலே இருந்துவிடுகிறோம், அதனால் குடியுங்கள். ஆனால் குடித்த தண்ணீர் சுவரின் ஓட்டையை அடைக்காது. வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை: மத்தியான வெயிலில் மாடியில் உட்கார்ந்து கடலையும் கின்னு என்ற ஆரஞ்சு வகைப் பழமும் உரித்துத் தின்பது டெல்லிக் குளிர்காலத்தின் பெரிய சந்தோஷம், அதை விட வேண்டாம். முகத்தில் மங்கு உள்ளவர்கள் மட்டும் சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். கம்பளியை நேராகத் தோலில் படவிடாமல் உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போடுவதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் போட்டாலே தெரிந்துவிடும்.

இந்தக் கெட்டி க்ரீம் எல்லாம் எதுவரை என்று கேட்பீர்கள். சிவராத்திரியோடு பனி 'சிவ சிவா' என்று போய்விடும் என்று ஊரில் சொல்வார்கள். டெல்லியிலும் ஏறக்குறைய அப்போதுதான் ரஜாய் பரண் ஏறும். நான் பார்ப்பது ஜன்னலோரத்துத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை. காலையில் ஓரங்கள் இளகி, நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு கட்டி மிதக்கத் தொடங்கினால் க்ரீமின் அளவைப் பாதியாக்கிவிடுவேன். மத்தியானத்துக்குள் பாட்டில் முழுக்கத் தெளிந்துவிடும் நாள் வந்ததும், கீசருக்குக் கீழிருக்கும் டப்பாவை மூடி எடுத்துவைத்துவிட்டு, பம்ப் போட்ட லோஷனை அங்கே வைப்பேன்.